பாட்டையில் செல்லும் தூது

இன்றைய பெருநிறுவனங்கள் ஒரே கணிப்பொறியைக் கொண்டு இயங்குவதில்லை. விற்பனைக்கு ஒரு நிரல், கிடங்குக்கு ஒரு நிரல், கணக்குக்கு ஒரு நிரல் எனப் பல நிரல்கள் பல ஊர்களில் உள்ள பொறிகளில் இயங்குகின்றன. இவை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கைகளால், வெவ்வேறு கணினி மொழிகளில் எழுதப்பட்டவை. ஒன்றன் பேச்சு மற்றொன்றுக்கு விளங்காது. ஆயினும் ஒருவர் ஒரு பொருளை வேண்டி எழுதினால், இவை அனைத்தும் கூடிப் பேசியே அவ்வேலையை முடித்தாக வேண்டும்.

ஒவ்வொரு நிரலையும் மற்ற ஒவ்வொன்றோடும் நேராக இணைப்பது முதல் வழி. நிரல்கள் 10 ஆயின் இணைப்புகள் 45. நிரல்கள் 20 ஆயின் இணைப்புகள் 190. ஒரு நிரலை மாற்றினால் அதனைத் தொட்ட இணைப்புகள் எல்லாவற்றையும் திருத்த நேரும். ஆதலின், நடுவே ஒரு தலைமை நிலையத்தை நிறுவி, எல்லாச் செய்திகளையும் அதன்வழியே செலுத்தும் முறை எழுந்தது. இணைப்புகள் குறைந்தன, ஆனால் வேறோர் இடர் புகுந்தது. தலைமை நிலையம் நின்றால் அனைத்தும் நின்றன.

பெயரும் பொருளும்

இவ்விரு குறைகளையும் நீக்க எழுந்ததே ‘எண்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ்’ எனும் அமைப்பு. கார்ட்னர் ஆய்வு நிறுவனத்தின் ராய் ஷுல்ட்டி 2002இல் இப்பெயரை வழங்கினார் என்பர். சோனிக் சாஃப்ட்வேர் நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் சாப்பல் 2004இல் இதனை விரித்துரைக்கும் நூலொன்றை வெளியிட்டார்.

‘பஸ்’ என்றதும் சாலையில் ஓடும் வண்டியை நினைத்துச் ‘சேவைப் பேருந்து’ எனப் பெயர்ப்பது பொருந்தாது. ‘அனைவர்க்கும்’ எனப் பொருள்படும் ‘ஆம்னிபஸ்’ எனும் இலத்தீன் சொல்லே இதன் வேர். அச்சொல் ஊர்திக்குப் பெயராயிற்று. மின்னிலையங்களில் பல கம்பிகளுக்கும் பொதுவாய் நிற்கும் உலோகப் பட்டைக்கும் பெயராயிற்று. பின்னர்க் கணிப்பொறிக்குள் புகுந்தது. கணினிக் கலைச்சொல்லாக இதற்கு வழங்கும் ‘பாட்டை’ என்பது நல்ல சொல். பலரும் நடக்கும் பொதுவழி என்னும் கருத்து அதில் நிற்கிறது.

இப்பாட்டையோரத்துச் சாவடிகள் போன்றவை கொள்கலங்கள். கொள்கலம் என்பதும் ஒரு நிரலே. சிறு சேவைகள் சிலவற்றைத் தன்னுள் வைத்து, அவற்றைத் தொடக்குதலும் நிறுத்துதலும் கண்காணித்தலும் அதன் தொழில். 2013இல் அறிமுகமான டாக்கர் முறையில் வரும் கொள்கலம் வேறு, இது வேறு.

செய்தி செல்லும் முறை

வணிக நிலையம் ஒன்றுக்குப் பொருள் வேண்டி ஓர் ஆணை வருகிறது எனக் கொள்க. அது முதலில் கடன் சரிபார்க்கும் சேவைக்கும், அடுத்துக் கிடங்குச் சேவைக்கும், இறுதியில் விலைப்பட்டியல் எழுதும் சேவைக்கும் செல்லவேண்டும். இச்சேவைகள் வெவ்வேறு நகரங்களில், வெவ்வேறு கொள்கலங்களில் உள்ளன. செல்லவேண்டிய வழியைத் தலைமை நிலையம் எதுவும் நினைவில் வைத்திருப்பதில்லை. செய்தியே தன் பயணக் குறிப்பைத் தன் மேலுறையில் சுமந்து செல்கிறது. கடன் சேவை தன் வேலையை முடித்ததும், அதனைத் தாங்கும் கொள்கலம் மேலுறையை நோக்கி, அடுத்த பெயரை அறிந்து, அவ்விடத்துக்குரிய வரிசையில் செய்தியைச் சேர்க்கிறது. கிடங்குக் கொள்கலம் தன் நேரத்தில் அதனை எடுத்துக்கொள்கிறது. அது அப்போது உறங்கிக் கிடந்தாலும் செய்தி வரிசையில் காத்திருக்கும்.

மேலுறையில் இருப்பது பெயரே, இடமன்று. ‘கிடங்கு’ எனும் பெயர் எந்த வரிசையைக் குறிக்கும் என்பது பொது அட்டவணையில் உள்ளது. அதன் படியைக் கொள்கலங்கள் தம்மிடமே வைத்துக்கொள்ளுமாயின், அட்டவணைப் பொறி சிறிது நேரம் நின்றாலும் போக்குவரத்து நில்லாது. சேவையை வேறு பொறிக்கு மாற்றினாலும் மற்றவை அதனை அறிய வேண்டுவதில்லை.

வழி முன்னரே வகுக்கப்படாத இடமும் உண்டு. அங்கே கொள்கலத்திலுள்ள சேவை செய்தியைப் பிரித்துப் படித்து, பெருந்தொகை ஆயின் மேலாளர்க்கும், சிறுதொகை ஆயின் நேரே கிடங்குக்கும் அனுப்பும். திருக்குறளின் 69ஆம் அதிகாரமான தூதுக்கு உரை வகுத்த பரிமேலழகர், தாமே வகுத்துக் கூறுவோர், கூறியதைக் கூறுவோர் எனத் தூதரை இருவகையாக்குவார். பயணக் குறிப்பின்படி செல்வதும், உட்பொருள் கண்டு வழி வகுப்பதும் ஏறத்தாழ அவ்விரு வகையே.

தொலைதலும் இரட்டித்தலும்

வழியில் செய்தி தொலைந்தால் என் செய்வது? இதற்குரிய விதி எளிது. செய்தியைப் பெற்றவர் அதனை வட்டில் பதிந்து, ஏற்புச் சான்று அனுப்பும்வரை, கொடுத்தவர் தம் படியை அழிக்கலாகாது. இடையில் எந்தப் பொறி விழுந்தாலும், ஏதோ ஓரிடத்தில் செய்தி உயிரோடிருக்கும்.

ஆனால் இவ்விதியே மற்றொரு சிக்கலைப் பிறப்பிக்கிறது. செய்தி போய்ச் சேர்ந்து, சான்று மட்டும் வழியில் தொலைந்தால், கொடுத்தவர் மீண்டும் அனுப்புவார். பணம் கழிக்கும் செய்தி இருமுறை சேர்ந்தால் ஒருவர் கணக்கில் பணம் இருமுறை கழியும். ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் தனி எண் இட்டு, முன்பு கண்ட எண் மீண்டும் வந்தால் பெறுவோர் அதனைத் தள்ளிவிட வேண்டும். எவ்வளவு முயன்றும் நிறைவேற்ற இயலாத செய்தியை அழித்துவிடாமல், பிழைச் செய்திகளுக்கென ஒதுக்கிய வரிசையில் இட்டு, மனிதர் கண்ணுக்குக் காட்டவேண்டும்.

விரைவு வேண்டி இவ்விதியைத் தளர்த்துவதும் உண்டு. அடுத்தடுத்த இரு சேவைகள் ஒரே கொள்கலத்தில் இருந்தால், செய்தியை வரிசைக்கு அனுப்பாமல் நினைவகத்திலேயே கைமாற்றலாம். வேகம் மிகும், ஆனால் அக்கணம் பொறி நின்றால் செய்தியும் மறையும். வானிலைக் குறிப்புக்கு இது தகும். சம்பளப் பட்டியலுக்குத் தகாது.

யார் பொறுப்பு?

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சால்ட்சர், ரீட், கிளார்க் ஆகிய மூவர் 1984இல் வெளியிட்ட கட்டுரை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. இடைவழி எவ்வளவு கவனமாய் இருந்தாலும், வேலை முழுதும் சரியாக முடிந்தது எனும் உறுதியை இரு முனைகளில் உள்ளவரே பெறவியலும் என்பது அதன் சாரம். ஏற்புச் சான்று ‘வந்தது’ என்று மட்டுமே சொல்லும். ‘முடிந்தது’ என்று சொல்லாது. பொருள் வேண்டியவர் கையில் பொருள் சேர்ந்ததா என்பதை ஆணை விடுத்த நிரலே கேட்டறிய வேண்டும்.

ஆகவே தலைமை நிலையத்தை நீக்கியதால் பொறுப்பு நீங்கிவிடவில்லை. அது பலர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒவ்வொரு கொள்கலமும் தன் கைக்கு வந்ததை அடுத்த கை பற்றும்வரை காக்கிறது. தொடக்கமும் முடிவும் முழுமைக்கு விடை கூறுகின்றன. இப்பொருளை வகுப்பில் விளக்கும் ஆசிரியர் வேறெதனை விடுத்தாலும், அனுப்பியதும் சேர்ந்ததும் முடிந்ததும் மூன்று வேறு நிலைகள் என்பதை மட்டும் மாணவர் மனத்தில் பதியவைத்தால் போதும். மற்றவை அதிலிருந்தே விளங்கும்.