காய்ச்சல் வருமுன் காகிதம்

திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு வருபவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பேன். 2021 கடைசியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். கணவர் கொரோனாவில் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அரசு அறிவித்த 50,000 ரூபாய் நிவாரணத்துக்கு மனு எழுத வேண்டும் என்றார். மஞ்சப்பையில் இறப்புச் சான்றிதழும் ஆதாரும் இருந்தன. “கொரோனா டெஸ்ட் ரிப்போர்ட் எங்கேம்மா?” என்று கேட்டேன். அது கணவரின் செல்போனுக்குக் குறுஞ்செய்தியாக வந்ததாம். அந்தப் போன் வார்டிலேயே காணாமல் போய்விட்டது. தனியார் ஆஸ்பத்திரிக்குக் கட்டிய இரண்டே முக்கால் லட்சத்துக்கு இருந்தவை பேனாவால் தொகை எழுதிய நான்கு துண்டுச் சீட்டுகள்தான். தாலிச் சங்கிலி அடகுக் கடையில் இருந்தது.

“முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையா?” என்றேன்.

“இருக்குங்கய்யா. மாமனார் பேர்ல, பீரோவுல இருக்கு. அட்மிஷன் போடும்போது யாரும் கேக்கல. நாங்களும் சொல்லல.”

இந்தப் பதிலை அதற்குப் பிறகு எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். டெங்குவுக்குச் சேர்த்தவர்களும் எலிக்காய்ச்சலுக்குச் சேர்த்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். உரிமை இருந்தது, திட்டம் இருந்தது, பணமும் ஒதுக்கப்பட்டிருந்தது. அதை வாங்கித்தரும் காகிதம் மட்டும் வேண்டிய நேரத்தில் வேண்டிய மேசைக்குப் போகவில்லை.

நாடுகளுக்கே இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் 2014 முதல் 2016 வரை எபோலா 11,000 பேருக்கு மேல் பலிகொண்டது. அப்போது சியரா லியோனில் நோய்த் தடுப்புக்கு வந்த பணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குச் சரியான கணக்குச் சீட்டு இல்லை என்று அந்நாட்டுத் தணிக்கைத் துறையே 2015-இல் சொன்னது. ஏழை நாடுகளுக்கு உதவவென்று உலக வங்கி 2017-இல் தொற்றுநோய்க் கடன் பத்திரங்களை வெளியிட்டது. அடுத்த ஆண்டே காங்கோவில் எபோலா பரவி, 2,200 பேருக்கு மேல் மாண்டார்கள். பக்கத்து நாட்டில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சாவு விழவில்லை என்ற நிபந்தனையால் அந்தக் காப்பீட்டுப் பணம் காங்கோவுக்குப் போகவில்லை. பணம் வராத இடத்தில் செலவு நோயாளி வீட்டின் தலையில்தான் விழும். நம் நாட்டில் மருத்துவத்துக்குச் செலவாகும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 2013-14-இல் 64 ரூபாயை மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுத்தார்கள். 2021-22-இல் அது 39 ரூபாயாகக் குறைந்தது. அந்த 39 ரூபாயில்தான் தாலிகள் அடகுக்குப் போகின்றன.

அட்டை: முதல் வேலை இதுதான்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. பழைய வரம்பான 72,000 ரூபாயை மனதில் வைத்துக்கொண்டு “எங்களுக்குக் கிடைக்காது” என்று சும்மா இருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வரம்பை உயர்த்தி ஆண்டுகள் ஆகிவிட்டன.

விண்ணப்பத்தில் கிராம நிர்வாக அலுவலர் வருமானத்தைச் சான்றளிக்க வேண்டும். இ-சேவை மையத்தில் எடுத்த வருமானச் சான்று இருந்தால் அதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப அட்டை, எல்லாருடைய ஆதார் ஆகியவற்றோடு கலெக்டர் அலுவலக வளாகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குக் குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வேலை இவ்வளவுதான். இதற்கு யாருக்கும் ஒரு பைசாகூடக் கொடுக்க வேண்டியதில்லை.

அட்டை இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. புதிதாக வந்த மருமகள் பெயரும் பிறந்த குழந்தையின் பெயரும் குடும்ப அட்டையில் ஏறவில்லை என்றால் காப்பீட்டிலும் சிக்கல் வரலாம். மகன் தனிக்குடித்தனம் போய்த் தனிக் குடும்ப அட்டை வாங்கிவிட்டால், அப்பாவின் காப்பீட்டு அட்டையை நம்பி இருக்கக் கூடாது. தனியாகப் பதிய வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் வேறு பெயர் என்றிருந்தால் நள்ளிரவு அட்மிஷனில்தான் அது தெரியவரும். அந்த நேரத்தில் எந்தத் தாலுகா அலுவலகமும் திறந்திருக்காது. ஆகவே இன்றே எடுத்துப் பாருங்கள்.

அட்மிஷன் மேசையில் சொல்ல வேண்டியது

யாரும் கேட்க மாட்டார்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும். “எங்களிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, இந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா, இந்த நோய்க்கு உண்டா?” என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் இதற்கென்று ஒரு உதவி மேசை இருக்கும். சிகிச்சைக்கு முன்அனுமதி கேட்டு அங்கிருந்துதான் விண்ணப்பம் போகும். பணத்தைக் கட்டிச் சிகிச்சையை முடித்துவிட்டுப் பிறகு அட்டையை நீட்டினால் பெரும்பாலும் பயனிருக்காது. பதில் சரியில்லை என்றால் அங்கேயே நின்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணைக் கூப்பிடுங்கள். பேசிய நேரத்தையும் புகார் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுபடியும் சொல்கிறேன்: பணம் கட்டுவதற்கு முன் அட்டையைக் காட்டுங்கள்.

பில்: துண்டுச் சீட்டு ரசீது ஆகாது

2020 ஜூனில் தமிழக அரசு தனியார் ஆஸ்பத்திரிகளின் கொரோனா கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தது. பொது வார்டுக்கு ஏ1, ஏ2 தர ஆஸ்பத்திரிகளில் நாளொன்றுக்கு 7,500 ரூபாய், ஏ3 முதல் ஏ6 வரை 5,000 ரூபாய். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு 15,000 ரூபாய். அந்த ஆணை அமலில் இருந்தபோதே அதைவிடப் பல மடங்கு கட்டிவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். திருப்பிக் கேட்கலாம் என்றால் அவர்களிடம் இருந்தவை துண்டுச் சீட்டுகள். ஆணை போட்ட அதிகாரிகள் அதை ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டவைத்திருந்தால் இத்தனை வீடுகள் கடனில் விழுந்திருக்காது. செய்தித்தாளில் அறிவிப்பு வந்ததோடு தங்கள் கடமை முடிந்தது என்று அவர்கள் நினைத்தது மன்னிக்கக் கூடிய தவறல்ல.

எனவே நீங்கள் செய்ய வேண்டியவை: கட்டும் ஒவ்வொரு தொகைக்கும் எண் போட்ட, முத்திரையிட்ட ரசீது வாங்குங்கள். டிஸ்சார்ஜ் அன்று மருந்து, படுக்கை, பரிசோதனை, டாக்டர் கட்டணம் எல்லாம் தனித்தனியாகப் பிரித்த பில் கேளுங்கள். சிகிச்சைப் பதிவேடுகளின் நகலை எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களின் நடத்தை விதி. பில் பாக்கி என்று சொல்லி நோயாளியையோ உடலையோ பிடித்து வைக்கக் கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளி உரிமைச் சாசனம் சொல்கிறது. அப்படிச் செய்தால் உடனே 100-க்கு அழையுங்கள், கலெக்டர் அலுவலகத்துக்கும் தகவல் கொடுங்கள்.

எந்த அலுவலகம்?

இங்கேதான் அதிகம் பேர் வழி தவறுகிறார்கள். தனியார் ஆஸ்பத்திரி மீதான புகாரை மாவட்ட சுகாதார அலுவலரிடம் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அவர் பார்ப்பது ஆரம்ப சுகாதார நிலையங்களையும் நோய்த் தடுப்பையும். தனியார் ஆஸ்பத்திரிகளைப் பதிவு செய்வதும் விசாரிப்பதும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் துறையின் மாவட்ட இணை இயக்குநர். மனுவின் முகவரியில் ‘இணை இயக்குநர்’ என்று எழுதுங்கள். ஒரு நகலைக் கலெக்டருக்குக் கொடுத்து, மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஒப்புகைச் சீட்டு இல்லாத மனு கொடுக்காத மனுவுக்குச் சமம்.

முதலமைச்சர் காப்பீட்டில் மறுப்பு, கூடுதல் வசூல் என்றால் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குறைதீர் குழுவுக்கு எழுதலாம். சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

சொந்தமாக மருத்துவ பாலிசி எடுத்தவர்கள், க்ளெய்ம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலும், பதில் திருப்தியாக இல்லை என்றாலும், சென்னை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் மனு செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஏஜென்டிடம் போனில் பேசிப் பேசியே அந்த ஓராண்டைக் கரைத்தவர்கள் ஏராளம்.

சாவு நேர்ந்துவிட்டால்

சொல்லவே கூசுகிறது, ஆனால் சொல்லாமல் விட முடியாது. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். நாம் வாங்கும் இறப்புச் சான்றிதழில் என்ன காரணத்தால் இறந்தார் என்பது இருக்காது. அது டாக்டர் எழுதும் படிவம் 4-இல் இருக்கும். 2023-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு அந்தப் படிவத்தின் நகலை நெருங்கிய உறவினருக்கு ஆஸ்பத்திரி தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். அதில் ‘நிமோனியா’ என்று மட்டும் எழுதி, அதற்குக் காரணமான தொற்றை விட்டிருந்தால் அங்கேயே டாக்டரிடம் பேசுங்கள்.

கொரோனா நிவாரணத்தில் நடந்தது இதுதான். 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் 50,000 ரூபாய் என்பதே வந்தது. பரிசோதனை முடிவு வந்து 30 நாட்களுக்குள் இறந்தவர்களின் குடும்பத்துக்கு உண்டு என்று விதி வகுத்தார்கள். சான்றில் காரணம் சரியாக எழுதப்படாதவர்களின் குடும்பங்களுக்காக மாவட்டந்தோறும் ஒரு குழு அமைத்தார்கள். பிறகு 2022 மார்ச்சில், அதுவரை நேர்ந்த இறப்புகளுக்கு 60 நாள் கெடு விதித்தார்கள். கெடு முடிந்ததே தெரியாமல் அதன் பிறகு வந்தவர்களுக்கும் நான் மனு எழுதிக் கொடுத்தேன். அடுத்த நோய்க்கு நிவாரணம் உண்டா, எவ்வளவு என்பது அப்போதுதான் முடிவாகும். அது எவ்வளவாக இருந்தாலும் கேட்கப்போகும் காகிதங்கள் மாறாது: பரிசோதனை முடிவு, சிகிச்சைச் சுருக்கம், படிவம் 4, வாரிசு யார் என்பதற்கான சான்று.

எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். குறுஞ்செய்தியாக வரும் ரிப்போர்ட்டை அன்றே அச்செடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். கவர் இருக்கும் இடம் வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு நிவாரணம் கிடைத்தது. அரசுப் பரிசோதனை மையத்தின் பதிவேட்டில் கணவர் பெயரைத் தேடி எடுக்க அவர் பதினோரு முறை அலைந்தார். கூலி வேலையை விட்டுவிட்டு அலைந்த பதினோரு நாட்கள். ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பணத்தில் ஒரு ரூபாயும் திரும்பவில்லை. சங்கிலி ஏலத்துக்குப் போய்விட்டது. பீரோவிலிருந்த அட்டையை முதல் நாளே கையோடு எடுத்துப் போயிருந்தால் அந்தச் சங்கிலி இன்று அவர் கழுத்தில் இருந்திருக்கும். உங்கள் வீட்டு பீரோவை இன்று இரவே திறந்து பாருங்கள்.