காரில் ஆயில் லீக் திரும்பத் திரும்ப வருதா? பேக்கிங் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

நம்ம சேனல்ல பெரும்பாலும் சேமிப்பு, நகைக் கடன், இன்சூரன்ஸ் பற்றித்தான் பேசுவோம். இன்னைக்கு கொஞ்சம் வித்தியாசமா, வீட்டு வாசல்ல நிற்கிற காருக்கு அடியில் சொட்டுற பணத்தைப் பற்றிப் பார்க்கப் போறோம்.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் பல வீடுகள்ல இருக்கிறது செகண்ட் ஹேண்ட் கார். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தப்போ மாருதி டீசல் கார் தயாரிப்பையே நிறுத்திடுச்சு. அதனால இன்னைக்கு ஓடுற டீசல் ஸ்விஃப்ட், டிசையர் எல்லாமே வயசான வண்டிகள்தான். வயசானா ரப்பர் சீல் இறுகும், பேக்கிங் தளரும், ஆயில் கசியும். அது இயற்கை. ஆனா ஒரு தடவை சரி பண்ணின பிறகும் திரும்ப வந்தா, பெரும்பாலும் நோய் ஒரு இடம், மருந்து இன்னொரு இடம்னு அர்த்தம்.

கணக்கை முதல்ல பாருங்க

உதாரணத்துக்கு, ஒரு பேக்கிங் வேலைக்கு கூலியோட 2,000 ரூபாய்னு வச்சுக்குவோம். மூணு தடவை மாத்தினா 6,000. நடுவுல டாப்-அப் செய்த ஆயில் தனி. அதுக்குப் பதிலா, முதல்லயே 1,000 ரூபாய் செலவு பண்ணி எங்கிருந்து கசியுதுன்னு கண்டுபிடிச்சிருந்தா, ஒரே வேலையோட 3,000-ல் முடிஞ்சிருக்கும். (இது வெறும் உதாரணம், உங்க ஊர் ரேட்டை போட்டுப் பாருங்க.) கண்டுபிடிக்கிற செலவு வீண் செலவு இல்லைங்க. டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி எடுக்கிற ரத்தப் பரிசோதனை மாதிரி.

படி 1: சொட்டுறது எஞ்சின் ஆயில்தானா?

ராத்திரி காருக்கு அடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை விரிச்சுப் போடுங்க. முன் சக்கரம் எங்கே இருக்குன்னு பேனாவால குறிச்சுக்குங்க. காலையில கறையைப் பாருங்க.

- பழுப்பு அல்லது கறுப்பு, வழவழப்பு: எஞ்சின் ஆயில்.
- சிவப்பு: பெரும்பாலும் பவர் ஸ்டீயரிங் ஆயில் அல்லது ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்.
- பச்சை அல்லது ரோஸ் நிறம், தண்ணி மாதிரி: கூலன்ட்.
- நிறமே இல்லாத சுத்தமான தண்ணி: ஏசி தண்ணி. கவலை வேண்டாம்.

படி 2: கழுவி, பவுடர் போட்டு, ஓட்டிப் பாருங்க

பெரும்பாலானவர்கள் தப்பு பண்ற இடம் இதுதான். ஆயில் கீழ்நோக்கி வழியும், ஓடும்போது காத்து அதைப் பின்னாடி தள்ளும். அதனால சொட்டுற இடம் வேற, கசியிற இடம் வேற. மேலே டேப்பட் கவர்ல கசிஞ்ச ஆயில் வழிஞ்சு வந்து சம்ப்ல சொட்டும். உடனே "சம்ப் பேக்கிங் போச்சு"ன்னு மாத்திடுவாங்க. பத்து நாள்ல மறுபடி லீக்!

மெக்கானிக்கிட்ட சொல்லி எஞ்சினை ஆயில் கறை போக சுத்தம் பண்ணச் சொல்லுங்க. ஆல்டர்னேட்டர், சென்சார் மேல தண்ணியைப் பீய்ச்சி அடிக்க வேண்டாம். காஞ்சதும் சந்தேகமான மூட்டுகள் மேல முகத்துக்குப் போடுற பவுடரைத் தூவுங்க. தஞ்சாவூர்ல இருந்து திருவையாறு போய்த் திரும்பினா 25 கிலோமீட்டர் கிட்ட வரும். அவ்வளவு போதும். வந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. பவுடர் நனைஞ்ச இடங்கள்லயே மிக உயரமான இடம் எதுவோ, அதுதான் லீக்.

பார்க்க வேண்டிய இடங்கள், மேலிருந்து கீழாக: டேப்பட் கவர் பேக்கிங், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ஆயில் ஃபில்டர் ரப்பர், முன் கிராங்க் சீல், சம்ப் பேக்கிங், டிரெயின் போல்ட் வாஷர். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துல சொட்டினா பின் கிராங்க் சீலா இருக்கலாம். அதுக்கு கியர்பாக்ஸை இறக்கணும், கூலி அதிகம். எப்படியும் இறக்குறாங்கன்னா, தேய்ஞ்ச கிளட்ச் பிளேட்டையும் அப்பவே மாத்திடுங்க. ரெண்டாவது கூலி மிச்சம்.

சர்வீஸ் முடிஞ்ச உடனே லீக் ஆரம்பிச்சதா? முதல்ல டிரெயின் போல்ட் வாஷரையும் ஆயில் ஃபில்டரையும் பாருங்க. பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் எஞ்சின்லயே ஒட்டிக்கிட்டு, அதுக்கு மேலயே புதுசை மாட்டியிருந்தாலும் லீக் ஆகும்.

படி 3: எல்லாம் மாத்தியும் நிக்கலையா? பிரஷரைப் பாருங்க

பிஸ்டன் ரிங் வழியா கொஞ்சம் புகை எஞ்சினுக்குள்ள கீழே இறங்கும். எல்லா வண்டியிலும் இருக்கு. அதை வெளியே எடுத்து, காத்து உள்ளே போற பாதைக்கு அனுப்புறது பிரீத்தர் பைப்பும் பிசிவி வால்வும். அது அடைச்சா உள்ளே பிரஷர் ஏறும். குக்கர்ல வெயிட் அடைச்சா கேஸ்கட் வழியா சீறுற மாதிரி, ஆயில் பலவீனமான சீல் வழியா வெளியே வரும். அந்த சீலை மாத்தினா, அடுத்த பலவீனமான இடத்துல வரும். மூணு தடவை மூணு வேற வேற இடத்துல லீக் ஆனா, இதைத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

சோதனை: எஞ்சின் சூடாகி ஐடியலில் ஓடும்போது, மெக்கானிக் முன்னிலையில ஆயில் ஊத்துற மூடியைத் தளர்த்திப் பார்க்கச் சொல்லுங்க. (சில எஞ்சின்ல ஆயில் தெறிக்கும், ஜாக்கிரதை.) லேசான புகை சகஜம். மூடியே குதிச்சு, புகை வேகமா அடிச்சா பிரஷர் இருக்கு. பிரீத்தரைச் சுத்தம் பண்ணி, வால்வை மாத்திப் பாருங்க. அப்பவும் குறையலைன்னா ரிங் தேய்மானமா இருக்கலாம். கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்காம அடுத்த பேக்கிங்குக்குப் பணம் கொடுக்காதீங்க.

அறுவடைப் பணம் வரும் வரை எது காத்திருக்கும்?

டெல்டாவுல பல குடும்பங்களுக்குப் பணம் மாசா மாசம் வராது. குறுவை, சம்பா அறுவடை முடிஞ்சுதான் கைக்கு வரும். அதனால இப்படிப் பிரிச்சுக்குங்க:

- காத்திருக்கலாம்: மூட்டுல ஈரம் மட்டும், சொட்டு இல்லை. வாரம் ஒரு தடவை சமதளத்துல, எஞ்சின் ஆறினதும் டிப் ஸ்டிக் பாருங்க. நோட்டுல கிலோமீட்டரோட எழுதி வைங்க.
- தள்ளிப் போடாதீங்க: தினமும் சொட்டு, அளவு குறையுது, எரிஞ்ச ஆயில் வாசனை. ஆயில் சூடான சைலன்சர் மேல விழுது. நம்ம ஊர் ரோட்டுல உளுந்து, வைக்கோல் காயப் போட்டிருப்பாங்க. அது வண்டி அடியில சிக்கினாலே தீ அபாயம். ஆயிலும் சேர்ந்தா கேட்கவே வேண்டாம். வைக்கோல் மேல ஓட்டினா இறங்கி அடியில பாருங்க.
- உடனே நிறுத்துங்க: சிவப்பு ஆயில் விளக்கு எரிஞ்சா "அடுத்த ஊர் வரைக்கும்"னு ஓட்டாதீங்க. ஓரங்கட்டி எஞ்சினை அணைங்க. இழுத்துட்டுப் போற செலவு சின்னது. எஞ்சின் ஜாம் ஆனா வண்டியோட விலையில பெரும்பகுதி போயிடும்.

சாதாரண கார் இன்சூரன்ஸ் தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் கோளாறுக்கும் பணம் தராது. அதை நம்பி இருக்காதீங்க. ஒவ்வொரு வேலைக்கும் என்ன மாத்தினாங்கன்னு எழுதின பில் வாங்குங்க. மாத்தின பழைய சீலையும் கேட்டு வாங்குங்க. திரும்ப லீக் வந்தா பேசுறதுக்கு அதுதான் ஆதாரம்.

பழைய கார் வாங்கப் போறீங்களா? எஞ்சின் மட்டும் பளபளன்னு கழுவியிருந்தா அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுக்காதீங்க. அரை மணி நேரம் ஓட்டி, அட்டை விரிச்சு நிறுத்தி, அப்புறம் விலை பேசுங்க.

அடுத்த தடவை யாராவது "பேக்கிங் மாத்திடலாம் சார்"னு சொன்னா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எங்கிருந்து கசியுதுன்னு காட்டுங்க." காட்டின பிறகு பர்ஸைத் திறங்க.