வார்னிஷில் எதைக் கலப்பது?

பண்டிகைக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது, பாட்டி காலத்து ஊஞ்சல் பலகைக்கும் ஒரு பூச்சு வார்னிஷ் கொடுத்தால் தேவலை என்று தோன்றும். ஆனால் பரணிலிருந்து இறக்கிய டப்பாவில் வார்னிஷ் பாகு போல் கெட்டியாக இருக்கும். "கொஞ்சம் மண்ணெண்ணெய் விடேன், இளகிவிடும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள்! மண்ணெண்ணெய் சீக்கிரம் ஆவியாகாது, பிசுக்கும் தங்கும். அப்புறம் உட்கார்ந்தவர் புடவை பலகையோடு ஒட்டிக்கொள்ளும்.

புளி தண்ணீரில் கரையும், எண்ணெய் கரையாது. வார்னிஷ் சங்கதியும் இதுதான். அது எதில் கரையுமோ, அதையே கலக்கவேண்டும்.

எண்ணெய் வார்னிஷுக்கு டர்பன்டைன். பைன் மரப் பிசினிலிருந்து வடித்ததானாலும் சரி, பெட்ரோலியத்திலிருந்து வரும் மினரல் டர்பன்டைனானாலும் சரி.

பிரெஞ்சுப் பாலிஷ் என்பது பூச்சிகள் சுரக்கும் அரக்கிலிருந்து செய்வது. இதற்கு ஸ்பிரிட்தான் வேண்டும். டர்பன்டைனில் அரக்குக் கரையாது.

லாக்கருக்கு என்.சி. தின்னர். இது பொல்லாதது. பழைய எண்ணெய் வார்னிஷின் மேல் பட்டால், பூச்சு சுருங்கிக் கொப்புளித்துவிடும்.

தண்ணீரில் கரையும் புது ரகங்களுக்குச் சிறிதளவு தண்ணீரே போதும்.

பழைய பூச்சு எந்த ரகம் என்று தெரியவில்லையா? பலகையின் அடிப்பக்கத்தில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ். இல்லாவிட்டால் ஒரு சொட்டுத் தின்னர். கரைந்து இளகினால் லாக்கர். சுருங்கினால் எண்ணெய் வார்னிஷ்.

அளவுக்கு டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதே வேதவாக்கு. கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். வார்னிஷ் அல்வாவாக உறைந்திருந்தால் எதை விட்டும் பயனில்லை. புது டப்பா வாங்குவதே சிக்கனம்.

இனித்தான் முக்கியமான விஷயம். இவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து அடுப்பையோ பூஜை விளக்கையோ எட்டினால் தீப்பற்றும். ஆகவே ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். வேலை முடிந்து வாடை போகும் வரை வீட்டில் நெருப்பு வேண்டாம். எண்ணெய் வார்னிஷ் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே சூடேறி எரியக்கூடும். வெளியே விரித்து உலர்த்துங்கள்.

மிச்சத்தை ஒருபோதும் குடிதண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பாலிஷ் ஸ்பிரிட் கொடிய விஷம். தாகமெடுத்த குழந்தை கைக்கு எட்டியதை எடுத்துக் குடித்துவிடுமே! வாங்கிய டப்பாவிலேயே, பெயர் தெரிய, பூட்டிய அலமாரியில் வையுங்கள்.