வாய் திறவாத வயோதிபன்

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம் என்று நம் முன்னோர் பழமொழி சொல்லி வைத்தனர். களவாகப் பால் குடிக்கும் பூனையைக் கண்டு எழுந்த மொழி அது. ஆயின், பாற்கிண்ணம் முன்னே இருக்க, அதனைத் தொடாமலே கண்ணை மூடிக்கொண்டிருக்கும் பூனையும் உண்டு. அது மூப்படைந்த பூனை, நோயுற்ற பூனை. அந்தக் கண்மூடலின் பொருள் வேறு. அதனை எனக்குக் கற்பித்தவன் எங்கள் வீட்டுக் கடுவன், வெள்ளையன்.

வெள்ளையனுக்கு இப்போது 16 வயது. மனிதக் கணக்கில் ஏறக்குறைய எண்பது என்பர். சென்ற ஆண்டு அவன் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு அகலாதவன் ஆனான். உடல் இளைத்தது, உரோமம் மினுக்கம் இழந்தது. மிருக வைத்தியர் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துவிட்டு, நாட்பட்ட சிறுநீரக நோய் என்றார். முதிய பூனைகளை மிகுதியாகப் பற்றும் நோய்களுள் இது ஒன்று.

வீட்டுப் பூனையின் மூதாதையர் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப் பூனைகள். குறைந்த நீரைப் பருகி, சிறுநீரைச் செறிவாக்கிக் கழிக்கும் ஆற்றலை இயற்கை அவற்றுக்கு அளித்தது. அந்த வேலையைச் செய்யும் நுண்ணிய வடிகள் ஒரு முறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல் போன பின்னரே சிறுநீர் நீர்த்துப்போகிறது. இரத்தத்தில் கழிவு தேங்குவது வழக்கமான சோதனையில் தெளிவாகத் தெரியும்போது நான்கில் மூன்று பங்கு போயிருக்கும். நோயை நான்கு படிகளாக வகுத்திருக்கின்றனர். வெள்ளையன் மூன்றாம் படியில் நின்றான்.

"அவனுக்கு நோகுமா?" என்பதே நான் வைத்தியரிடம் கேட்ட முதற் கேள்வி. அவர் தந்த விடை நான் எதிர்பாராதது. சுருங்கிப்போன சிறுநீரகம் பெரும்பாலும் நோவதில்லையாம். கல் அடைத்தாலோ கிருமி தொற்றினாலோதான் அங்கே கடும் வலி எழும். ஆயின் அதனைச் சூழ்ந்து வரும் துன்பங்கள் பல. கழிவு தேங்குவதால் குமட்டல் உண்டாகும். வாயினுள் புண் தோன்றும். உடல் நீர் வற்றுவதால் மலம் இறுகும். பொட்டாசியம் குறைந்தால் தசை தளர்ந்து கழுத்து தொய்யும். இவற்றோடு முதுமைக்கே உரிய மூட்டு நோயும் சேர்ந்துகொள்ளும். 2002ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்றில், 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தபோது, 90 பூனைகளில் மூட்டுத் தேய்வு காணப்பட்டது. ஆகவே முதிய பூனைக்கு எங்கே நோகிறது என்று தேடுவதே வைத்தியத்தின் முதற்பாதி.

தேடுவது எளிதன்று. பூனை வேட்டையாடும் பிராணி. பெரிய விலங்குகளுக்கு இரையாகும் பிராணியுமாகும். நோவைக் காட்டிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து. நாய் முனகும், பூனையோ மூலையில் ஒடுங்கும். வெள்ளையன் ஒரு நாளும் கத்தவில்லை. மதிலில் ஏறுவதை நிறுத்தினான்; முதுகை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டான்; மண் தட்டுக்கு அருகே வந்தும் அதனுள் ஏறாமல் வெளியே நின்று சிறுநீர் கழித்தான். வயது போய்விட்டது என்று வீட்டார் சொல்லத்தக்க இந்த மாற்றங்களே அவனது முறைப்பாடு.

முகத்தையும் படிக்கலாம். கனடாவின் மொன்றியல் பல்கலைக்கழக ஆய்வாளர் 2019ஆம் ஆண்டு இதற்கென ஓர் அளவுகோலை வெளியிட்டனர். காது, கண், முகவாய், மீசை, தலையின் நிலை ஆகிய ஐந்தையும் பார்க்க வேண்டும். காதுகள் விலகிப் பக்கவாட்டில் திரும்புகின்றனவா? கண்கள் இடுங்குகின்றனவா? முகவாய் இறுகுகிறதா? மீசை நேராக விறைக்கிறதா? தலை தோளுக்குக் கீழே தாழ்கிறதா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை புள்ளி. பத்துக்கு நான்கு வந்தால் வலி நிவாரணம் பற்றி எண்ண வேண்டும். புதிதாக எழும் கடும் வலிக்கே இது பெரிதும் பொருந்தும். நாட்பட்ட வலிக்கு அன்றாட நடத்தையே சாட்சி.

வலி தெரிந்ததும் மனம் பதறும்; கை தன்னையறியாமல் அலுமாரியிலுள்ள பனடோலை நாடும். இதனை வாசகர் யாவரும் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்: பரசிற்றமோல் பூனைக்கு நஞ்சு. நமது ஈரல் அம்மருந்தைப் பிரித்து வெளியேற்றும் முக்கிய வழி பூனைக்கு இல்லை. 4 கிலோ நிறையுள்ள பூனையை ஒரே ஒரு 500 மில்லிகிராம் குளிசை கொன்றுவிடலாம். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும், முரசு கபில நிறமாகும், முகம் வீங்கும், மூச்சுத் திணறும். அத்தகைய பூனையைத் தாமதியாது வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். மனிதருக்குரிய மற்ற நோவுக் குளிசைகளும் அவ்வாறே விலக்கத்தக்கவை. பூனைக்குக் கொடுமை செய்ய எண்ணாதவர்களே, இரக்கத்தினால், இக்கொலையைச் செய்துவிடுகின்றனர்.

வைத்தியர் தரும் மருந்துகளிலும் ஒரு தர்மசங்கடம் உண்டு. மூட்டு வலிக்குக் கொடுக்கும் மெலொக்சிகாம் போன்றவை, சிறுநீரகத்துக்கு இரத்தம் செல்வதைக் காக்கும் பொருள்களையும் சேர்த்து அடக்குகின்றன. ஐரோப்பாவில் நாட்பட்ட மூட்டு வலிக்கு அதனைச் சிறிய அளவில் நீண்ட காலம் கொடுக்க அனுமதி உண்டு. அமெரிக்காவிலோ, திரும்பத் திரும்பக் கொடுத்தால் சிறுநீரகம் செயலிழந்து பூனை இறக்கக்கூடும் என்ற எச்சரிக்கை மருந்தின் மீதே பொறிக்கப்பட்டிருக்கிறது. நோய் நிலையாக இருந்து, பூனை நன்றாக உண்டு நீர் வற்றாமல் இருந்தால் மட்டுமே, அடிக்கடி இரத்தம் சோதித்து, மிகக் குறைந்த அளவில் கொடுப்பர். கன்னத்தின் உட்புறத்தில் விட்டால் ஊறிச் சேரும் புப்பிரனோர்பின் கடும் வலிக்கு உதவும். கபாபென்ரின் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால் அளவைக் குறைக்க வேண்டும். கூடினால் பூனை தள்ளாடும். மூட்டு வலிக்கு மாதம் ஒரு முறை ஏற்றும் புரூனெவெற்மாப் என்னும் ஊசிக்கு ஐரோப்பாவில் 2021இலும் அமெரிக்காவில் 2022இலும் அனுமதி கிடைத்தது. அது சிறுநீரகத்தை நம்பி வெளியேறுவதன்று. எனினும் நோயின் மூன்றாம் நான்காம் படிகளில் அதன் பாதுகாப்பு ஆராயப்படவில்லை என்று மருந்துக் குறிப்பே கூறுகிறது.

இவற்றையெல்லாம் விளக்கிய பின் வைத்தியர் சொன்னார்: "மாஸ்ரர், அவனுடைய நாள்களைக் கூட்டப் பார்க்கலாம், இருக்கிற நாள்களை இலகுவாக்கவும் பார்க்கலாம். சில வேளைகளில் இரண்டும் ஒத்துப்போகா. எது பெரிது என்று நீங்களும் யோசியுங்கள்."

அன்றிரவு வீட்டில் வாதம் நடந்தது. "மருந்து கொடுத்து அவனை மயக்கத்தில் வைத்திருப்பதா?" என்றார் அக்கா. அவரது அச்சத்தில் நியாயம் இருந்தது. ஆயினும் நொந்தபடி ஓராண்டு இருப்பதிலும், வெயிலில் நீட்டி நிமிர்ந்து படுத்தபடி ஆறு மாதம் இருப்பதையே வெள்ளையன் விரும்புவான் என எனக்குத் தோன்றியது. பூனைக்கு வருங்காலக் கணக்கு இல்லை. அதற்கு உள்ளது இன்றைய வெயிலும் இன்றைய நோவுமே. முடிவில் குறைந்த அளவில் கபாபென்ரின் தொடங்கினோம். ஒரு வாரத்தில் அவன் தாழ்ந்த திண்ணையில் ஏறிப் படுத்தான். அக்கா பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

குளிசையோடு பணிவிடை முடிவதில்லை. ஒரு பக்கம் தாழ வெட்டிய தட்டு, திண்ணைக்கு ஏற ஒரு பலகைப் படி, மழை நாளில் துணி சுற்றிய சுடுநீர்ப் போத்தல் ஆகியன மூட்டுக்கு ஆறுதல். மூன்று இடங்களில் தண்ணீர் வைத்தோம். வைத்தியர் குறித்த அளவில் தோலின் கீழ் சேலைன் ஏற்ற நானே பழகிக்கொண்டேன். நீர் சேர்ந்தால் மலச்சிக்கலும் சோர்வும் தணியும். குமட்டலுக்குத் தனி மருந்து உண்டு. குமட்டல் அடங்கினாலன்றிப் பசி திரும்பாது. பொசுபரசு குறைந்த உணவு நோயின் வேகத்தைத் தணிக்கும். கருவாடும் வெங்காயமிட்ட மீன்குழம்பும் இப்போது அவனுக்கு இல்லை. வெங்காயம் பூனையின் செங்குருதிக் கலங்களை அழிக்கும்.

சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஒவ்வோர் இரவும் ஒரு குறி இடுகிறேன். உண்டானா, தன்னை நக்கிச் சுத்தம் செய்தானா, அழைத்தால் வந்தானா? நல்ல நாளாயின் வட்டம். அல்லாத நாளாயின் கோடு. சென்ற மாதத்தில் கோடுகள் ஒன்பது. அவை வட்டங்களை விஞ்சும் மாதத்தில் என்ன செய்வதென்று அக்காவும் நானும் வைத்தியரோடு முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோம். துயரம் கண்ணை மறைக்கும் நாளில் அம்முடிவை எடுக்கக் கூடாதென்பது எங்கள் எண்ணம்.

இல்லத்தில் முதிய பூனையை வைத்திருக்கும் அன்பர்களே, அது தூங்குகிறது என்று கடந்து செல்லுமுன் ஒரு கணம் நின்று அதன் முகத்தைப் பாருங்கள். மருந்தின் அளவை வைத்தியர் அறிவார். நேற்று ஏறிய படியில் இன்று அது ஏறவில்லை என்பதை வீட்டில் உள்ளவரே அறிவர். அதைச் சொன்னால்தான் வைத்தியருக்கும் தெரியும்.