ஒரு விளக்கும் இரு மின்முதல்களும்

2022 மார்ச்சு இறுதியில் இலங்கையின் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்களாக நீண்டது. வசதி படைத்தோர் மின்பிறப்பாக்கிகளை நாடினர். ஏனையோர் பலர்க்கு 12 உவோற்று மின்கலவடுக்கும் சிறு விளக்குமே துணையாயின. மின்சாரம் உள்ளபோது நேரோட்ட வழங்கியாலும், அற்றபோது மின்கலவடுக்காலும் ஒரே விளக்கை ஒளிரச் செய்வது எங்ஙனம் என்பதை ஈண்டு நோக்குவோம்.

இரு மின்முதல்களையும் தனித்தனி ஆளிகளினூடாக விளக்குடன் நேரே இணைப்பதே பலர்க்கும் முதலில் தோன்றும் வழி. ஆனால் ஆளி பாதையைத் திறக்கவும் மூடவும் வல்லதேயன்றி, ஓட்டத்தின் திசையை அறியாது. இரு ஆளிகளும் மூடியிருப்பின், அழுத்தம் கூடிய முதலிலிருந்து குறைந்த முதலுக்கு ஓட்டம் பாயும். மின்சாரம் தடைப்பட்டதும் மின்கலவடுக்கின் ஓட்டம் செயலிழந்த வழங்கியினுள் புகுந்து அதனைப் பழுதாக்கவுங் கூடும்.

இதனைத் தடுப்பது இருவாயியாகும். ஒவ்வொரு முதலின் நேர்முனைக் கம்பியிலும் ஓர் இருவாயியை, அதன் கோடிட்ட முனை விளக்கை நோக்குமாறு, தொடராக இணைத்தல் வேண்டும். மறைமுனைகள் ஒன்றாக இணைக்கப்படும். அழுத்தம் கூடிய முதலே விளக்கிற்கு ஓட்டத்தை வழங்கும். மற்றைய இருவாயி பின்முகக் கோடலுற்று வழியை அடைக்கும். சிலிக்கன் இருவாயியில் ஏறத்தாழ 0.7 உவோற்று வீழ்ச்சியுறும். 6 உவாற்று விளக்கு அரை அம்பியரையே கொள்வதால், இழப்பு 0.35 உவாற்று அளவினதாகும்.

எனினும், இங்கு தெரிவு செய்வது அழுத்தமே என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். முழுதும் மின்னேற்றப்பட்ட ஈய-அமில மின்கலவடுக்கு ஏறத்தாழ 12.7 உவோற்று அழுத்தமுடையது. வழங்கி 12 உவோற்றாயின், மின்சாரம் இருக்கும்போதே மின்கலவடுக்கு வெறுமையாகத் தொடங்கும். இருள் சூழும் வேளையில் மாணவனின் விளக்கு மங்கிவிடும். தெரிவு நம் கையில் இருக்கவேண்டுமாயின் இருவழி ஆளியே தக்கது. அதில் எவ்வேளையும் ஒரு முதலே விளக்குடன் தொடுப்புறும். இருவாயியும் வேண்டா, அழுத்த வீழ்ச்சியும் இல்லை. ஆனால் மின்சாரம் தடைப்பட்டதும் ஆளியை நாமே மாற்றவேண்டும்.

எம்முறையாயினும் மின்கலவடுக்கின் நேர்முனைக்கு மிக அண்மையில் உருகி ஒன்று அமைதல் இன்றியமையாதது. அதன் அகத்தடை மிகச் சிறிதாதலின், குறுஞ்சுற்று ஏற்படின் கம்பியைத் தீப்பற்றச் செய்யுமளவு ஓட்டம் பாயும். அரை அம்பியர் விளக்கிற்கு 1 அம்பியர் உருகி போதுமானது. வழங்கியும் 230 உவோற்று மனைமின்னினின்றும் மின்மாற்றியாற் பிரிக்கப்பட்டதாதல் வேண்டும். குறைந்த அழுத்தம் என்பதனாற் குறைந்த ஆபத்து எனக் கொள்வது தவறாகும்.