சுறாவுக்கு ஏன் எலும்பு இல்லை?



எங்க ஆயா காசிமேட்டில் மீன் எடுத்து வந்து எண்ணூரில் கூடை வைத்து விற்றவங்க. போன ஆடி மாசம் வாசப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. "எலும்பு தேஞ்சு பஞ்சு மாதிரி ஆயிடுச்சு" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் ஆயா கேட்டது சுறா புட்டு. அம்மா வேக வைத்துத் தோல் உரிச்சுக் கொடுக்க, நான் உதிர்த்தேன். ஒரு முள் கூட இல்லை! நடுவில் நம்ம காது மடல் மாதிரி வளையும் குருத்தெலும்பு மட்டும்தான். சங்கராவில் முள் இருக்கு, நெத்திலியில் கூட இருக்கு. இவ்வளவு பெரிய சுறாவில் ஏன் இல்லை? அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அவங்க சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் பைரப்பா வெங்கடேஷ் என்ற விஞ்ஞானி மீன்களின் ஜீனோமைப் பல வருஷம் ஆராய்ந்தார். (வெங்கடேஷ்னு எங்க தெருவிலேயே ரெண்டு பேர் இருக்காங்க!) ஜீனோம் என்றால் ஒரு உயிரின் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. முழுவதும். அது நாலே எழுத்தில் எழுதின புத்தகம் மாதிரி. மனுஷனுக்கு சுமார் 300 கோடி எழுத்து.

அவர் முதலில் எடுத்த மீன் எது தெரியுமா? நாம தூக்கிப் போடுற பேத்தை! வலையில் வந்தால் பலூன் மாதிரி ஊதுமே, அதேதான். சமைத்தாலும் அதன் விஷம் போகாது. சிட்னி பிரென்னர் என்ற பெரிய விஞ்ஞானியும் வெங்கடேஷும் மற்றவர்களும் 1993-ல் ஜப்பான் பக்கத்துப் பேத்தையை ஆராய்ந்து, அதன் ஜீனோம் நம்முடையதில் எட்டில் ஒரு பங்குதான் என்று காட்டினார்கள். ஜீன்கள் கிட்டத்தட்ட நம்ம அளவுக்கு இருக்கு, நடுவில் இருக்கும் நிரப்பல்தான் குறைவு. 2002-ல் முழுசாகப் படித்து வெளியிட்டார்கள். மனுஷனுக்கு அடுத்து அப்படிப் படிக்கப்பட்ட முதுகெலும்புப் பிராணி அதுதான்.

இப்போ என் கேள்விக்கு வருகிறேன். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கடலில் தும்பிக்கை மாதிரி மூக்கோடு யானைச்சுறா என்று ஒரு மீன் இருக்கு. சுறாவுக்குச் சொந்தக்கார மீன். அதற்கும் குருத்தெலும்புதான். வெங்கடேஷ் குழு 2014-ல் அதன் ஜீனோமை வெளியிட்டது. முள் இருக்கும் மீனோடு ஒப்பிட்டுப் பார்த்தால், கால்சியத்தைப் பிடித்து எலும்பாக்க உதவும் ஒரு ஜீன் குடும்பமே அதில் இல்லை! சும்மா ஊகமாக விடவில்லை. தொட்டியில் வளர்க்கிற வரிக்குதிரை மீனில் அந்தக் குடும்பத்து ஜீனின் வேலையைக் குறைத்துப் பார்த்தார்கள். அதற்கு எலும்பு குறைவாகத்தான் வளர்ந்தது.

2016-ல் கடல் குதிரை. அதற்குப் பல் கிடையாது, வயிற்றுத் துடுப்பும் கிடையாது. பல்லின் எனாமலுக்கு வேண்டிய ஜீன்கள் தொலைந்து போயிருந்தன. துடுப்புக்கான டி.பி.எக்ஸ்-4 என்ற ஜீனும் இல்லை. அதே ஜீனை வரிக்குதிரை மீனில் நீக்கினார்கள், அதுவும் வயிற்றுத் துடுப்பு இல்லாமல் வளர்ந்தது. எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. எல்லாரும் இருப்பதைத் தேடுவாங்க, இவங்க இல்லாததைத் தேடியிருக்காங்க.

பறவைக்கும் பல் இல்லையே என்று டீச்சரிடம் கேட்டேன். 2014-ல் வேறு விஞ்ஞானிகள் 48 பறவைகளின் ஜீனோமைப் பார்த்தார்களாம். பல்லுக்கான ஜீன்கள் இன்னும் உடைஞ்ச நிலையில் உள்ளே கிடக்கு. சுமார் 11.6 கோடி வருஷத்துக்கு முன்னாடியே வேலை செய்யறதை விட்டுடுச்சாம். நம்ம கூரைக் காக்காவுக்குள்ளும் அந்த உடைஞ்ச பல் ஜீன் இருக்கும்!

இதையெல்லாம் ஆயாவிடம் சொன்னேன். எலும்பு எப்படி உருவாகுதுன்னு தெரிஞ்சா, தேயறது ஏன்னு கண்டுபிடிக்க உதவுமாம் ஆயா, என்றேன். "எனக்கு எலும்பு வேணும்ன்றேன், நீ எலும்பே இல்லாத மீனைப் பத்திச் சொல்றியேடி" என்று சிரிச்சாங்க. அப்புறம் அவங்களே கேட்டாங்க: "திருக்கைக்கும் முள் எலும்பு கிடையாதே, அதுக்கும் அந்த ஜீன் இல்லையா?"

திருக்கையும் சுறா வகையறாதான், குருத்தெலும்புதான் என்று டீச்சர் சொன்னாங்க. கேள்வி கேட்டது ஆயா என்றதும் கை தட்டினாங்க.

— 9-ஆம் வகுப்பு மாணவி