இரட்டைக் குழந்தைகளும் டப்பா ஆகாரமும்

ஒரு வீட்டில் இரட்டைக் குழந்தைகள் பிறந்துவிட்டால் ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. வருகிறவர்களில் பாதிப் பேர், "ஒரே பிரசவத்தில் இரண்டு செல்வம்!" என்று வாழ்த்துகிறார்கள். மற்றப் பாதிப் பேர் தாயாரை ஏற இறங்கப் பார்த்து, "பாவம், இரண்டுக்கும் பால் எப்படிப் போதும்?" என்று ஒரு கேள்வியைப் போட்டு வைக்கிறார்கள். சொன்னவர்கள் வாசற்படியைத் தாண்டுவதற்குள் அதை மறந்துவிடுவார்கள். தாயாரின் மனத்திலோ அது முள்ளாகத் தைத்து நிற்கும். பொழுது சாய்வதற்குள் வீட்டில் ஒரு டப்பா வந்து சேர்ந்துவிடும்.

இரட்டைக் குழந்தைகளுக்கு ஆகாரத்தை வீட்டிலே தயாரிப்பதா, கடையிலே வாங்குவதா என்ற விஷயத்தில் நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீட்டு ஆகாரமே மேலானது. ஆனால் அதைத் தயாரிக்கும் பாரம் முழுவதையும் தாயார் ஒருத்தியின் தலையில் ஏற்றிவிட்டு இந்த உபதேசத்தைச் செய்ய எவருக்கும் உரிமை இல்லை.

முதல் ஆறு மாதம்

முதல் ஆறு மாதத்தில் வீட்டு ஆகாரம், கடை ஆகாரம் என்ற விவாதத்துக்கே இடமில்லை. அந்தக் காலத்தில் குழந்தைக்கு வேண்டியது தாய்ப்பால் ஒன்றே என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. குழந்தை குடிக்கக் குடிக்கப் பால் ஊறும் என்பது இயற்கையின் நியதி. இரண்டு குழந்தைகள் குடித்தால் அதற்குத் தக்கபடி ஊறும். தாயாருக்கு வயிறாரச் சாப்பாடும், தூக்கமும், தைரியமும் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். குறை மாதத்தில் பிறந்து, உறிஞ்சிக் குடிக்கச் சக்தியற்ற சிசுக்களுக்குப் பாலைப் பிழிந்து, நம் பாட்டிமார் உபயோகித்த அதே பாலாடையில் புகட்டும் வழக்கம் இன்றும் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் இருந்து வருகிறது. உண்மையிலேயே பால் குறைந்தால் என்ன செய்வது என்பதை வைத்தியர் தீர்மானிக்க வேண்டுமே தவிர, பார்க்க வந்தவர்கள் தீர்மானிக்கக் கூடாது.

இந்த விஷயத்தில் வியாபாரிகளின் கையைக் கட்டுவதற்கென்றே நமது பாராளுமன்றம் 1992ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தது. 2003இல் அதை இன்னும் இறுக்கிற்று. அச்சட்டப்படி குழந்தைப் பால் மாவுக்கும், பால் புட்டிக்கும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் டப்பா உணவுக்கும் விளம்பரம் செய்யலாகாது. இலவச மாதிரிகள் கொடுத்து ஆசை காட்டலாகாது. 'கிளாக்ஸோ பேபி' என்றும், பிறகு 'அமுல் பேபி' என்றும் கொழுகொழுவென்ற குழந்தைகளை நாம் அழைத்துப் பழகினோம் அல்லவா? விளம்பரம் நம் பாஷைக்குள்ளேயே எவ்வளவு தூரம் புகுந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. முன்னது அந்நியப் பெயர், பின்னது சுதேசிப் பெயர். எருமைப் பாலைப் பொடியாக்க முடியாது என்ற மேனாட்டாரின் எண்ணத்தைப் பொய்யாக்கி 1955இல் ஆனந்த் நகரில் எழுந்த தொழிற்சாலையைக் குறித்து நாம் பெருமைப்படலாம். ஆயினும் சுதேசி டப்பா என்பதற்காக ஒரு சிசுவின் வயிறு அதைத் தாய்ப்பாலாக ஏற்றுக்கொண்டுவிடாது.

டப்பாவின் பூர்வோத்தரம்

டப்பா ஆகாரம் எப்படித் தோன்றியது என்று பார்ப்பது உபயோகமானது. ஜெர்மனியின் பிரசித்தி பெற்ற ரஸாயன சாஸ்திரி ஜஸ்டஸ் லீபிக் 1865ஆம் ஆண்டில் கோதுமை மாவு, முளைகட்டிய தானிய மாவு, பசும்பால் இவற்றுடன் சிறிது காரஉப்பும் சேர்த்து ஒரு குழந்தை உணவைத் தயாரித்தார். தாய்ப்பாலுக்கு ஒப்பானது என்று அதற்குப் பெயர் பரவிற்று. பாரிஸ் நகரத்து வைத்தியர் தெபோல் என்பவர் 1867இல் அதைப் புதிதாய்ப் பிறந்த நான்கு சிசுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். நான்கும் சில தினங்களுக்குள் இறந்துபோயின. மாவும் பாலும் நல்ல பொருள்கள்தாம். கொடுத்த வயதுதான் தவறு. அதே ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்தில் ஆன்ரி நெஸ்லே பாலும் கோதுமையும் சர்க்கரையும் சேர்ந்த தம்முடைய மாவை வெளியிட்டார். 1928இல் அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்திலிருந்து கெர்பர் கம்பெனியார் மசித்த காய்கறிகளை டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கினார்கள். தங்கள் குழந்தைக்காக வீட்டுச் சமையலறையில் காய்கறி மசித்த சிரமத்திலிருந்தே அந்த யோசனை பிறந்ததாம்.

ஆக, டப்பாவும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டு அடுப்பிலிருந்து புறப்பட்டதுதான். அதைப் பகையாகப் பார்க்க வேண்டியதில்லை; ஆனால் அதனுள் என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். 2024ஆம் ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்தின் பொதுநல அமைப்பு ஒன்று ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. ஒரே பெயர் தாங்கிய தானிய உணவு ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் சர்க்கரை சேர்க்காமல் விற்கையில், இந்தியாவில் விற்பதில் வேளை ஒன்றுக்குச் சுமார் 3 கிராம் சர்க்கரை சேர்ந்திருந்ததாக அது காட்டிற்று. அதன்பின் சர்க்கரை சேர்க்காத வகைகளும் நம் கடைகளுக்கு வந்தன. வெள்ளைக்காரக் குழந்தைக்கு வேண்டாத சர்க்கரை நம் குழந்தைக்கு மட்டும் எதற்கு என்று கேட்க, நமக்கு இத்தனை காலம் தோன்றாமற்போனதுதான் ஆச்சரியம்!

கேழ்வரகின் பெருமை

ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலோடு வேறு ஆகாரமும் வேண்டும். 6 முதல் 8 மாதம் வரை நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரியும், ஓராண்டு நிறைந்தபின் சுமார் 550 கலோரியும் மேல் ஆகாரத்திலிருந்து கிடைக்க வேண்டும் என்பது நிபுணர்களின் கணக்கு. இரட்டைக் குழந்தைகளுக்கு இதை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். குழந்தை ஒன்றுக்கு வேளைக்கு 25 கிராம் மாவு, தினம் மூன்று வேளை என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 150 கிராம் ஆகிறது. 300 கிராம் டப்பா இரண்டே நாளில் காலி; மாதம் பதினைந்து டப்பா. மாதச் சம்பளக் குடும்பத்துக்கு இது இலேசான செலவு அல்ல. செலவுக்கு அஞ்சி மாவைக் குறைத்து நீரை அதிகமாக்கும் வீடுகளும் உண்டு. அப்போது டப்பாவின் சத்தும் இல்லை, வீட்டின் சத்தும் இல்லை.

நம் கையில் இருப்பதோ கேழ்வரகு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. குன்னூரில் இயங்கிய உணவு ஆராய்ச்சி நிலையத்தார் நமது தானியங்களைச் சோதித்து 1937இலேயே அவற்றின் சத்துக்களைப் பட்டியலிட்டு வெளியிட்டார்கள். அந்நிலையமே பிற்பாடு ஹைதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

கேழ்வரகை முளைகட்டுவதிலே இன்னொரு நயம் இருக்கிறது. எந்த மாவையும் காய்ச்சினால் கூழ் இறுகிப்போகிறது. இறுகினால் குழந்தை விழுங்காது. நீரை விட்டு இளக்கினால் சிறு வயிறு நீராலேயே நிரம்பிவிடும். தானியம் முளைக்கும்போதோ, மாவுப் பொருளை உடைத்து இளக்கும் நொதி ஒன்று அதில் உண்டாகிறது. கெட்டியாகக் காய்ச்சி இறக்கிய கூழ் சற்று ஆறியதும், கை பொறுக்காத சூட்டிலேயே ஒரு சிறு கரண்டி முளைமாவைக் கலந்தால், சில நிமிஷங்களில் கூழ் தானே இளகிவிடும். பிறகு மறுபடி ஒரு கொதி விட்டுக் கொடுக்கலாம். நீர் கூடாமலே இளகுவதால் சத்துக் குறைவதில்லை. பரோடா சர்வகலாசாலையில் தாரா கோபால்தாஸ் என்ற அம்மையார் இதை ஆராய்ந்து நிலைநாட்டினார். லீபிக் தமது உணவில் முளைமாவைச் சேர்த்ததும் இதே தத்துவந்தான்.

செய்முறை எளிது. கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி, ஓரிரவு ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டி வைக்க வேண்டும். முளை தலைகாட்டியதும் வெயிலில் நன்றாக உலர்த்தி, இளஞ்சூட்டில் மணம் வரும் வரை வறுத்து, தேய்த்து முளையைப் புடைத்துவிட்டு, அரைத்துச் சலித்துக்கொள்ளலாம். மூன்று பங்கு கேழ்வரகுக்கு ஒரு பங்கு வறுத்த பாசிப்பயறு சேர்ப்பது நலம். கூழை இறக்கியபின் அரைக் கரண்டி நெய் விடலாம். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் வேண்டாம். தேனை நாக்கில் தடவுவதுகூட ஆகாது.

வீட்டு ஆகாரத்தின் குறைகள்

வீட்டில் செய்தது என்பதனாலேயே எல்லாம் நிறைவாகிவிடாது. முதற்குறை இரும்புச் சத்து. கருவிலுள்ள சிசுவுக்குத் தாயிடமிருந்து இரும்புச் சத்து பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் சேருகிறது. இரட்டைக் குழந்தைகளில் பலர் அந்த மாதங்கள் நிறைவதற்குள் பிறந்துவிடுகிறார்கள். ஆகவே கையிருப்புக் குறைவாகவே உலகுக்கு வருகிறார்கள். தானியத்திலும் பயற்றிலும் உள்ள இரும்பு உடலில் எளிதாகச் சேர்வதில்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி நம் நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தச் சோகை இருந்தது. டப்பா மாவில் இரும்பைத் தனியாகச் சேர்த்திருக்கிறார்கள் என்பது அதன் பக்கத்து நியாயம். அதை மறைக்கக் கூடாது. அந்த நியாயத்துக்கு வீட்டில் பதில் உண்டு. முட்டை, மீன், ஈரல் புசிக்கும் குடும்பங்கள் அவற்றை வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். மரக்கறி உண்போர் பருப்பும் கீரையும் மசித்து, சில துளி எலுமிச்சைச் சாறு பிழிந்தால் இரும்பு சேர்வது எளிதாகும். அவற்றோடு வைத்தியர் சொல்லும் இரும்பு மருந்தையும் தவறாமல் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, இருபது முப்பது சாமான்களைச் சேர்த்துச் 'சத்துமாவு' இடிக்கும் மோகம். ஒன்று ஒத்துக்கொள்ளாமற்போனால் எது என்று எப்படித் தெரியும்? புதிய பொருள்களை ஒவ்வொன்றாக, இரண்டு மூன்று நாள் இடைவிட்டுக் கொடுப்பதே முறை. இரட்டையர் என்பதற்காக இருவர் வயிறும் ஒன்றல்ல. யாருக்கு எது கொடுத்தது, யார் எவ்வளவு உண்டது என்று இரண்டு பெயரிட்டு ஒரு நோட்டில் குறித்து வைப்பது நல்லது. கிண்ணமும் கரண்டியும் தனித்தனியே இருக்கட்டும். மூன்றாவது, மாவின் ஈரம். சரியாகக் காயாத மாவில் பூஞ்சைக் காளான் பிடித்தால் அது விஷம். ஒரு மாதத்துக்கு மேல் தேவைப்படும் மாவை ஒரேயடியாக அரைத்து வைக்கலாகாது.

எத்தனை கைகள்?

இத்தனையும் படித்துவரும் சகோதரி ஒருத்தி, "இதையெல்லாம் எப்போது செய்வது?" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. நம் பாட்டியின் காலத்தில் அந்தக் கேழ்வரகை ஒருத்தி முளைகட்டினாள், ஒருத்தி வறுத்தாள், ஒருத்தி திரித்தாள். பிள்ளை பெற்றவள் மடியில் பிள்ளையோடு இருந்தாள். இன்று பல வீடுகளில் இருப்பது ஒரே ஒரு ஜோடிக் கைதான். அந்தக் கைகளும் ஒரு குழந்தையைத் தூக்கும்போது மற்றொன்று அழுதுகொண்டிருக்கும். அந்த நிலையில் ஒரு வேளை டப்பாவைத் திறந்தவளை, "எங்கள் காலத்தில்" என்று தொடங்கி ஏசுவது கொடுமை.

கேழ்வரகைக் கழுவவும், காயவைக்கவும், மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து வரவும் தகப்பனாருக்கு என்ன தடை? இரண்டு குழந்தைகளில் ஒன்றை மடியில் வைத்துக் கூழ் ஊட்டுவது ஆண்மைக்கு இழுக்கு என்று எந்தச் சாஸ்திரம் சொல்கிறது? மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீட்டார் எல்லாரும் இதற்கு ஒதுக்கினால் மாத மாவு தயாராகிவிடும். அங்கன்வாடியில் ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளுக்கு அரசாங்கம் வழங்கும் சத்துமாவை வாங்கிக்கொள்வதிலும் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

பிரயாணத்துக்கும், தாயார் நோயுற்ற நாளுக்கும் சர்க்கரை சேராத டப்பா ஒன்று அலமாரியில் இருக்கட்டும். மற்ற நாட்களுக்குக் கேழ்வரகு இருக்கிறது. ஆகவே, இனி இரட்டைக் குழந்தைகளைப் பார்க்கப் போகிறவர்கள், "பால் போதுமா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, முளைகட்டி அரைத்த மாவு ஒரு டப்பா கொண்டுபோய்க் கொடுக்கட்டும், ஒரு மணி நேரம் ஒரு குழந்தையை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். அதுவே அந்தத் தாயாருக்கு நாம் செய்யக்கூடிய மெய்யான உபசாரம்.